துப்பாக்கி வெடித்த கையைத் தைக்காமல் விட்டது அலட்சியமா?

கேள்வி | 6 பிப்ரவரி 2021, காலை 7:15

என் சித்தப்பா ரைஃபிளின் விசையை அழுத்தியிருக்கிறார், சுடவில்லை. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்திருக்கிறது. உடனே போல்ட்டை (தோட்டா அறையை மூடும் கம்பியை) பின்னால் இழுத்தார். தோட்டா பாதி வெளியே வந்த நிலையில் வெடித்துவிட்டது. வலது உள்ளங்கையில் இரண்டு சின்ன ஓட்டைகள், கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள். மருத்துவமனையில் அந்தச் சின்ன ஓட்டைகளைக் கத்தியால் பெரிதாக்கி, கழுவி, தைக்காமலேயே துணி வைத்துக் கட்டிவிட்டு, “நாளை மறுநாள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவோம்” என்கிறார்கள். எக்ஸ்-ரேயில் பித்தளைத் துணுக்குகள் இன்னும் தெரிகின்றன, அதையும் விட்டுவிட்டார்கள். இது அலட்சியம் என்றுதான் நினைக்கிறேன். வேறு இடத்துக்கு மாற்றலாமா?

6 பிப்ரவரி, காலை 7:50

மாற்றாதீர்கள். அவர்கள் செய்தது சரி. காரணத்தை இரவு எழுதுகிறேன்.

அதற்குள் ஒன்றைப் பாருங்கள். கன்னத்தில் கறுப்புப் புள்ளி இருக்கிறதென்றால் கண் மருத்துவர் பார்த்தாரா? பார்வை தெளிவாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும் பார்க்கச் சொல்லுங்கள். மிகச் சின்னப் பித்தளைத் துண்டு வெள்ளைவிழியைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்தான் தெரியும். கண்ணைக் கசக்க விடாதீர்கள்.

அப்புறம், அவர் விரல்களை வேறொருவர் மெதுவாக நிமிர்த்தும்போது கை முழுக்கத் தாங்க முடியாத வலி வந்தால், கை கல் போல இறுகினால், காலை வரை காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். உள்ளே வீக்கத்தின் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்பதன் அடையாளம் அது. மணிக்கணக்கில் விட்டால் தசை செத்துவிடும்.

6 பிப்ரவரி, இரவு 10:30

நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். 2009-ல் எனக்கு 12 போர் (குழல் அகலத்தின் அளவு) துப்பாக்கியின் குழல் வெடித்தது. நான் வலது கைக்காரன். குழலுக்கு அடியில் தாங்கிப் பிடித்திருந்த இடது கைதான் போனது. சுட்டுவிரலில் பாதி இல்லை. பெருவிரல் தப்பியது. ஆனால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருந்த சதையும் தோலும் அப்படியே பிய்ந்துவிட்டன. அன்றிரவு என் அண்ணன் டாக்டரிடம் சண்டையே போட்டார், “ஏன் தைக்கவில்லை” என்று.

ஏன் தைக்கவில்லை என்றால், இது கத்தி வெட்டு இல்லை. வெடிப்பில் வாயு, சூடு, உலோகத் துணுக்கு, வெடிமருந்துக் கரி, துணி நூல் எல்லாம் சேர்ந்து சதைக்குள் போகின்றன. வெளியே தெரியும் ஓட்டை சின்னது. உள்ளே எது செத்தது, எது பிழைக்கும் என்பது முதல் நாள் யாருக்கும் தெரியாது. அதனால் முதல் நாள் நிச்சயமாகச் செத்ததை மட்டும் வெட்டிக் கழுவிவிட்டு, 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி திறந்து பார்க்கிறார்கள். தசை நல்ல சிவப்பாக இருக்கிறதா, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் இரத்தம் வருகிறதா, தொட்டால் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். முதல் நாளே தைத்து மூடினால், செத்த சதை காற்றில்லாத பைக்குள் அடைபடும். அழுகலுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

சித்தப்பாவின் ஓட்டையைப் பெரிதாக்கியதும் இதற்காகத்தான்.

டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் போட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பும் உடைந்திருந்தால் அந்த முதல் டோஸ் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

எனக்கு நடந்ததற்குக் காரணம் தோட்டாவில் வெடிமருந்து கூடிப்போனது. என் விரலை நண்பர்கள் தேடி எடுத்து ஐஸில் போட்டுக் கொண்டுவந்தார்கள், ஒட்ட முடியவில்லை.

7 பிப்ரவரி, காலை 6:40

மேலே “ஐஸில் போட்டு” என்று எழுதியதைப் படித்து ஒருவர் “அப்படித்தான் செய்ய வேண்டுமா” என்று கேட்டிருக்கிறார். இல்லை. அவசரத்தில் எழுதிவிட்டேன். விரல் நேராக ஐஸில் படக்கூடாது, உறைந்து திசு கெட்டுவிடும். சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரலில் தசை இல்லாததால் இப்படிக் குளிரில் வைத்தால் 12 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். மணிக்கட்டோடு போயிருந்தால் நேரம் மிகக் குறைவு.

என் விரலை ஒட்ட முடியாததற்கு ஐஸ் மட்டும் காரணமில்லை. வெடிப்பில் பிய்ந்த விரலின் இரத்தக்குழாய் நெடுக நைந்திருக்கும். கூர்மையாக வெட்டுப்பட்ட விரலுக்கு இருக்கும் வாய்ப்பு இதற்கு இல்லை. ஆனாலும் விரலை எடுத்துப் போங்கள். ஒட்ட முடியாவிட்டாலும் அதிலிருந்து தோலோ நரம்போ எடுத்து வேறிடத்தில் பயன்படுத்தலாம்.

7 பிப்ரவரி, மதியம் 1:10

“வெடிமருந்து விஷமா?” என்று ஒருவர். இன்னொருவர் “வெடித்த சூட்டிலேயே கிருமி செத்திருக்குமே, எதற்கு இவ்வளவு கழுவல்” என்று கேட்கிறார்.

இரண்டுமே பழைய நம்பிக்கைகள். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டு வரை துப்பாக்கிக் காயம் விஷக் காயம் என்று நம்பிக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே ஒரு போரில் எண்ணெய் தீர்ந்துபோனதால் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து தடவினார். அன்றிரவு பயத்தில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால், எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடிக்க, இவர்கள் நிம்மதியாகப் படுத்திருந்தார்கள். அதோடு அவர் கொதிக்கும் எண்ணெயை விட்டுவிட்டார்.

சூட்டில் கிருமி சாகும் என்பதும் பொய். குண்டு அத்தனை நேரம் சூட்டில் இருப்பதில்லை. வழியில் இருக்கும் துணி, அழுக்கு, தோல் எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போகிறது.

7 பிப்ரவரி, இரவு 9:20

கண்ணைக் காட்டினீர்கள், ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிம்மதி.

மற்றவர்களுக்காக: கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது, அழுத்திக் கட்டக் கூடாது, விழி கிழிந்திருக்கும் என்று தோன்றினால் தண்ணீர் அடித்துக் கழுவவும் கூடாது. ஒரு காகிதக் குவளையின் அடிப்பாகத்தை விழியைத் தொடாமல் எலும்பு விளிம்பில் உட்காரும்படி வைத்து ஒட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். உள்ளே உலோகம் இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை எம்ஆர்ஐ கூடாது, சி.டி.தான். இரும்பாக இருந்தால் காந்தம் அதை இழுத்து நகர்த்திவிடும். செம்பு வேறு விதத்தில் கெடுதல். சுத்தச் செம்பு கண்ணுக்குள் கடுமையான அழற்சியைக் கிளப்பும். தோட்டாப் பித்தளையில் சுமார் 70 சதவீதம் செம்பு, மீதி துத்தநாகம். அதனால் அது மெதுவாக, மாதக்கணக்கில் கெடுக்கலாம்.

அன்று நான் போட்டிருந்த பாலிகார்பனேட் கண்ணாடி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இடது பக்க வில்லையில் மூன்று துணுக்குகள் குத்தி நிற்கின்றன. அதற்குப் பின்னால் என் கண் இருந்தது.

8 பிப்ரவரி, இரவு 8:05

துப்பாக்கி இப்படி வெடித்தால் முதலில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துப்பாக்கியைப் பார்க்க வேண்டும், கையை அப்புறம்தான். வெடித்த துப்பாக்கியில் இன்னொரு தோட்டா இருக்கலாம். குழலின் வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடிபட்டவரைத் தொட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது. எடுத்து எடுத்துப் பார்க்காமல் தொடர்ந்து அழுத்துவது. கைக் காயத்தில் பெரும்பாலும் இதுவே போதும். பீறிட்டு வருகிறது, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் டூர்னிகே, அதாவது இரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. காயத்துக்கு மேலே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின் மேல் வராமல் கட்டி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கிவிட்டு, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கட்டிய இடம் கொடுமையாக வலிக்கும், அதற்காகத் தளர்த்தக் கூடாது. மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். தண்ணீர்கூடக் குடிக்கக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

எனக்குக் கட்டியவர்கள் ஒரு செருப்பு வாரைக் கட்டினார்கள். ஒல்லியான வார். அதன் தழும்பு இன்னும் இருக்கிறது, நரம்பும் நசுங்கிக் கை ஆறு வாரம் மரத்துப்போயிருந்தது. அகலமான பட்டைதான் வேண்டும். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அந்த வார் இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

9 பிப்ரவரி, காலை 11:00

சித்தப்பா செய்த தவறைப் பற்றி எழுதத் தயங்கினேன், அவர் படுத்திருக்கும்போது சொல்ல வேண்டாமே என்று. நீங்களே கேட்டுவிட்டதால் சொல்கிறேன்.

விசை அழுத்தியும் சுடாவிட்டால் கேப் (தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மெதுவாகப் பற்றிக்கொண்டிருக்கலாம். தாமதமாக வெடிக்கும். பெரும்பாலும் ஒரு விநாடிக்குள், சில நேரம் அதற்கும் மேல். அதனால் குழலைத் திருப்பாமல், திறக்காமல், குறைந்தது 30 விநாடி அப்படியே நிற்க வேண்டும். சில இடங்களில் ஒரு நிமிடம் என்று சொல்லித்தருகிறார்கள். குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். குழலின் அறைக்குள் வெடித்தால் எஃகு சுற்றி நின்று தாங்கும். வெளியே வெடித்தால் குண்டு அதிக தூரம் போகாது, தாங்க ஒன்றும் இல்லாத பித்தளைக் கூடுதான் கிழிந்து சிதறும். சித்தப்பாவின் கையில் இருப்பது குண்டு அல்ல, அந்தக் கூடு.

“தானாக வெடிக்கவே வெடிக்காது, எல்லாம் மனிதத் தவறு” என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படி இல்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு தாய் ரெமிங்டன் 700 ரைஃபிளைக் காலிசெய்ய சேஃப்டியை (விசையைப் பூட்டி வைக்கும் பொத்தானை) தள்ளியபோதே அது வெடித்தது. அவருடைய ஒன்பது வயது மகன் இறந்தான். அந்த விசை அமைப்பைப் பற்றி வழக்குகள் நடந்தன. கடைசியில் அந்த நிறுவனம் குறை எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே ஏராளமான துப்பாக்கிகளின் விசையை இலவசமாக மாற்றித்தர 2014-ல் சம்மதித்தது. இரண்டாம் உலகப்போர் கால ஸ்டென் துப்பாக்கி கீழே விழுந்தாலே சுடும் என்பது அதைத் தூக்கியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1993-ல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்ததும் தோட்டாக் கோளாறும் கவனக்குறைவும் சேர்ந்த கதை. மருந்து நீக்கிய போலித் தோட்டா ஒன்றில் கேப் மட்டும் உயிரோடு இருந்தது. அது குண்டைக் குழலுக்குள் தள்ளியது, குண்டு அங்கேயே மாட்டி நின்றது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. பிறகு போட்ட வெற்று வேட்டு (குண்டில்லாத தோட்டா) அந்தக் குண்டை வெளியே தள்ளியது.

இதை எழுதும்போது எனக்கு ஏதோ உறுத்துகிறது. யோசித்துவிட்டு வருகிறேன்.

11 பிப்ரவரி, இரவு 11:45

ஐந்தாம் நாளில் தைத்துவிட்டார்கள் என்று படித்தேன். நல்ல செய்தி. மீதி பித்தளைத் துணுக்குகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மூட்டுக்குள் இல்லை, நரம்பை உரசவில்லை என்றால் தோண்டி எடுப்பதில்தான் சேதம் அதிகம். ஈயமாக இருந்து மூட்டுக்குள் மாட்டியிருந்தால் கதை வேறு, மூட்டு நீர் ஈயத்தைக் கரைத்து உடம்பில் ஏற்றும், மூட்டையும் அரிக்கும், அதை எடுத்தே ஆக வேண்டும். கன்னத்துப் புள்ளிகளை முதல் ஓரிரு நாளில் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்திருப்பார்கள். எனக்கும் மயக்கத்தில் செய்தார்கள். தாடையில் விட்டுப்போன நான்கு புள்ளிகள் பச்சை குத்தியதுபோல நிலைத்துவிட்டன. லேசரில் எடுக்கலாமா என்று கேட்டேன். எரியாத மருந்துத் துகள் தோலுக்குள் இருந்தால் லேசர் பட்டு அது வெடித்துக் குழியாகிவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

என் கைக்கு வருகிறேன். எலும்பும் தசைநாரும் வெளியே தெரிந்ததால் வெறும் தோல் ஒட்டு பிடிக்காது, அடியில் இரத்த ஓட்டம் வேண்டும். அதனால் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு தோல் மடலைப் பாதி வெட்டி, அதன் வேர் இடுப்பிலேயே இருக்க, மறுமுனையைக் கையில் தைத்தார்கள். மூன்று வாரம் என் இடது கை என் இடுப்போடு ஒட்டியிருந்தது. குளிக்க முடியாது, புரள முடியாது. தும்மல் வந்தால் பயம். என் மனைவி இரவில் என் முழங்கைக்கு அடியில் தலையணையைத் திருகித் திருகி வைப்பாள். பதினைந்தாம் நாள் நான் அழுதேன், வலியால் அல்ல, தோள் அசைக்க முடியாத சலிப்பால். இருபத்தொன்றாம் நாள் வெட்டிப் பிரித்தபோது கை என்னுடையதாகவே தோன்றவில்லை. அந்த இடத்தில் இடுப்பு முடி இன்றும் முளைக்கிறது.

அதைவிட முக்கியம் பெருவிரலின் இடைவெளி. அந்த இடம் ஆறும்போது சுருங்கிப் பெருவிரலை உள்ளங்கையோடு ஒட்டிவிடும். எனக்கு முதல் அறுவையிலேயே பெருவிரலையும் அடுத்த எலும்பையும் அகட்டி வைத்து நடுவே கம்பி போட்டிருந்தார்கள். கம்பி எடுத்த பிறகு இரவில் ஸ்ப்ளின்ட், பெருவிரலை அகட்டியே வைக்கும் கட்டு. ஆறு மாதம். பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை, அறுவை மருத்துவர் கொடுத்த இடைவெளியைக் காப்பது நோயாளியின் வேலை. சித்தப்பாவின் காயம் பெருவிரலின் அடியில் என்றால் இதை இப்போதே கேளுங்கள், ஆறிய பிறகு அல்ல.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனிக்கு உணர்வு வர மாதங்கள் ஆகும். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள். முதல் குளிர்காலத்தில் கை நீலமாகிக் கடுக்கும், அது எதிர்பார்த்ததே, கையுறை போடட்டும்.

12 பிப்ரவரி, காலை 7:00

நேற்று விட்டுப்போனது. ஆறிய கை நான்காம் மாதம் திடீரென்று வீங்கிச் சீழ் வைத்தது. எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்டில்தான் தெரிந்தது, குழலுக்கு அடியில் இருந்த மரப்பிடியின் சிம்பு, தீக்குச்சியில் பாதி நீளம். மரம் எக்ஸ்-ரேயில் சரியாகத் தெரியாது. தோட்டாவில் ரவையை (சின்ன உலோக உருண்டைகளை) தாங்கும் பிளாஸ்டிக் கோப்பையும் தெரியாது. அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது என்ன துப்பாக்கி, என்ன தோட்டா, ரவை ஈயமா எஃகா, பிடி மரமா என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், கேட்கத் தெரியாது.

12 பிப்ரவரி, காலை 7:20

“கேட்கத் தெரியாது” என்று எழுதியது நியாயமில்லை. என்னிடம் கேட்டார்கள். நான்தான் “குழல் வெடித்தது” என்பதற்கு மேல் பேசும் நிலையில் இல்லை. கூட வந்தவர்கள் சொல்லியிருக்கலாம்.

12 பிப்ரவரி, மாலை 6:30

காது பற்றி: இடது காதில் அன்று ஆரம்பித்த இரைச்சல் இன்னும் நிற்கவில்லை. செவிப்பறை கிழிந்தது தானாகவே ஆறு வாரத்தில் மூடிக்கொண்டது, கேட்கும் திறன் முழுதாகத் திரும்பவில்லை. சித்தப்பாவுக்கு இரைச்சல் இருந்தால் கை ஆறட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே காட்டுங்கள். ஸ்டீராய்டு கொடுப்பதாக இருந்தால் ஆரம்பத்தில் கொடுத்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம். காதில் சொட்டு மருந்து எதையும் நீங்களாக விடாதீர்கள்.

20 பிப்ரவரி, இரவு 10:10

9-ஆம் தேதி உறுத்துகிறது என்று எழுதினேன். பிராண்டன் லீ கதையை எழுதியதிலிருந்து தூங்கவில்லை.

“தோட்டாவில் மருந்து கூடிப்போனது” என்று மேலே எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிவந்தேன். குழலின் துண்டை ஒரு பெட்டியில் வைத்திருந்தேன், திறந்து பார்த்ததே இல்லை. போன வாரம் திறந்தேன். துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், “இதற்கு முந்தின வெடி எப்படிக் கேட்டது?”

மருந்து கூடினால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம், அதாவது தோட்டா உட்காரும் அறைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். என் குழலில் அறை முழுதாக இருக்கிறது. கிழிந்தது அங்கிருந்து ஒரு சாண் தள்ளி. கிழிசலின் ஓரத்தில் மோதிரம் போல ஒரு வீக்கம். குழலுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது, அடுத்த வெடி அதன் மேல் மோதியது, அதன் தடம் அந்த வளையம். 12 போரில் தவறுதலாக அதைவிட ஒல்லியான 20 போர் தோட்டா விழுந்தாலும் இதே தடம்தான் வருமாம். அது அறையைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும், பார்த்தால் காலியாகத் தெரியும், பின்னால் 12 போர் தோட்டாவும் உட்காரும். அந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். ஆனால் அன்று எங்கள் யாரிடமும் 20 போர் இல்லை.

முந்தின வெடி எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியும். ‘டொம்’ என்று வரவில்லை, ‘புஸ்’ என்று வந்தது. தோளில் இடி இல்லை. குறிவைத்த தட்டு உடையவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் “தோட்டா நமுத்திருக்கும், அடுத்ததைப் போடு” என்றார். போட்டேன். அந்த நமுத்த தோட்டாவின் அடைப்பு குழலிலேயே நின்றிருக்கிறது. துப்பாக்கியைத் திறந்து பின்பக்கமாக ஒரு முறை குழலுக்குள் பார்த்திருந்தால் வானம் தெரிந்திருக்காது. ஐந்து விநாடி வேலை.

பெரியவர் என்னைக் குறை சொல்லவில்லை. துண்டைத் துணியில் சுற்றித் திருப்பித் தந்தார்.

2 மார்ச், மாலை 5:40

தோட்டா விற்றவரிடம் நேற்றுப் போனேன். 2009-ல் அவர் கடை வாசலில் நின்று என் அண்ணன் கத்தியதை அவர் மறக்கவில்லை. குழல் துண்டைக் காட்டினேன், வளையத்தைக் காட்டினேன், முதல் தோட்டா நமுத்திருந்ததையும் இரண்டாவதை நான் போட்டதையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, அந்தப் பெட்டியில் மீதி இருந்த தோட்டாக்களை அன்றே திரும்ப அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எனக்கு இது தெரியாது.

19 மார்ச், காலை 8:15

சித்தப்பா ஸ்ப்ளின்ட்டைக் கழற்றி எறிகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் எறிந்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு டம்ளரைக் கொடுத்து, அதைச் சுற்றி விரல்கள் முழுதாக வளைகின்றனவா என்று ஞாயிறுதோறும் பாருங்கள். போன வாரம் பிடித்த டம்ளரை இந்த வாரம் பிடிக்க முடியவில்லை என்றால் அன்றே பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் செய்யுங்கள். சித்தப்பா பேச மறுத்தால் என் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், என்னோடு பேசட்டும்.